பாசேஜை முதலில் படிப்பதா, கேள்விகளையா?

ஜூன் 2, காலை – வாசகர் கேள்வி

பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறேன். ஆங்கிலத்தில் பாசேஜ் படித்து விடை சொல்லும் பகுதியில்தான் மதிப்பெண் போகிறது. இலக்கணம் பரவாயில்லை. கேள்விகளை முதலில் படித்துவிட்டு, அப்புறம் பாசேஜுக்குள் போகச் சொல்கிறார்கள். எனக்கு அது சரிப்பட்டு வரவில்லை. முழுதாகப் படித்தாலோ நேரம் போதவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு – என் பதில்

கேள்விகளைத்தான் முதலில் படிக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால்தானே கண்ணில் படும்? நான் தேர்வு எழுதிய காலத்தில் அப்படித்தான் செய்தேன், நேரம் மிச்சமானது. இரண்டு வாரம் விடாமல் செய்து பாருங்கள், கை பழகிவிடும்.

ஜூன் 3

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன். நேரம் மிச்சமானது உண்மை. ஆனால் அந்த முதல் முயற்சியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டுதான் கிடைத்தது. இரண்டாவது முறை எப்படிப் படித்தேன் என்று யோசித்தால் எதுவும் தெளிவாக நினைவில்லை. தெரியாததை அனுபவம் என்ற பெயரில் சொல்லிவிட்டேனோ என்று உறுத்துகிறது.

அக்கா மகள் இந்த ஆண்டு இதே மாதிரித் தேர்வு எழுதப் போகிறாள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவள். தினமும் இரவு ஒரு மணி நேரம் என்னோடு உட்காருகிறாள். அவளை வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஜூன் 9

சோதித்தாயிற்று. ஆறு பாசேஜ்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 சொற்கள், ஐந்தைந்து கேள்விகள். மூன்றில் கேள்விகளை முதலில் படித்தாள், மூன்றில் பாசேஜை முதலில் படித்தாள்.

கேள்வி முதலில்: 15க்கு 9. பாசேஜ் முதலில்: 15க்கு 11. நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு பாசேஜுக்கு அரை நிமிடம் மிச்சம், அவ்வளவுதான்.

ஆறு பாசேஜை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எனக்கும் தெரியும். என்னை யோசிக்க வைத்தது அந்த மதிப்பெண் இல்லை, எந்தக் கேள்விகள் தவறின என்பது. கேள்வியை முதலில் படித்தபோது தவறிய ஆறில் நான்கு, "ஆசிரியர் இதை ஏன் சொல்கிறார்", "இதிலிருந்து என்ன புலப்படுகிறது" வகை. ஆண்டு எது, பெயர் எது, காரணம் எது என்று நேராகக் கேட்டவற்றில் ஒன்றுகூடத் தவறவில்லை. தேடிப் பிடிக்கக் கூடியதைத் தேடிப் பிடித்துவிட்டாள். தேடிக் கிடைக்காதது தப்பிவிட்டது. ஐந்து கேள்விகளையும் மண்டையில் சுமந்துகொண்டு படித்தவளுக்கு, கட்டுரை எதைச் சொல்ல வருகிறது என்று கவனிக்க இடமே இல்லாமல் போய்விட்டது.

ஆகவே ஜூன் 2 இரவு நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூன் 10

முழுதாகத் திரும்பப் பெற்றதும் தவறு. எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் சாட் தேர்வு கணினிக்கு மாறிய பிறகு (பிற நாடுகளில் 2023, அமெரிக்காவில் 2024) ஒரு பாசேஜ் 25 முதல் 150 சொற்கள்தான், அதற்கு ஒரே ஒரு கேள்வி. 32 நிமிடத்தில் 27 கேள்விகள், கேள்விக்கு எழுபது விநாடி சொச்சம். அங்கே கேள்வியை முதலில் பார்ப்பதில் நஷ்டமே இல்லை. ஒரு கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் அப்படியில்லை. மூன்று நீண்ட பாசேஜ்கள், 40 கேள்விகள், 60 நிமிடம், விடைத்தாளில் எழுதும் நேரமும் அதற்குள்ளேயே. ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று பதினான்கு கேள்விகள் வரும். அத்தனையையும் முதலில் படித்தால் பாசேஜுக்கு வருவதற்குள் முதல் கேள்வி மறந்திருக்கும். அங்கே ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் ஒரு ஓட்டம் பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று மனதில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு, அப்புறம் கேள்விக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர் எந்தத் தேர்வு என்று சொல்லவில்லை. சொன்னால் நல்லது.

ஜூன் 17

நேற்று நடந்ததை எழுத வேண்டும். ஒரு மாதிரித் தாளில் தேனீக்களைப் பற்றி ஒரு பாசேஜ். மூன்று பத்திகள். முதல் பத்தியில், தேனீக்களை ஆராய்ந்த கார்ல் ஃபான் ஃபிரிஷ் கண்டறிந்தது: உணவைக் கண்ட தேனீ தேனடையில் வாலை ஆட்டி ஆட்டி நேர்க்கோட்டில் ஓடுகிறது (இதைத்தான் தேனீ நடனம் என்கிறார்கள்), அந்த ஓட்டம் செங்குத்துக்கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதே கோணத்தில் சூரியனிலிருந்து விலகி உணவு இருக்கிறது. இரண்டாம் பத்தியில், 1960களில் ஏட்ரியன் வென்னரும் உடனிருந்தவர்களும் கிளப்பிய மறுப்பு: நடனம் நடப்பது உண்மைதான், ஆனால் மற்றத் தேனீக்கள் மணத்தை வைத்துத்தான் உணவைக் கண்டுபிடிக்கின்றன. மூன்றாம் பத்தியில், பின்னால் வந்த பரிசோதனைகள்.

கேள்வி: இரண்டாம் பத்தி இந்தக் கட்டுரையில் என்ன வேலை செய்கிறது?

அவள் தேர்ந்தெடுத்தது, "தேனீக்கள் நடனத்தின் மூலம் திசையைத் தெரிவிக்கின்றன என்று விளக்குகிறது." ஐந்து விநாடிகூட ஆகவில்லை. பாடப்புத்தகத்தில் படித்தது, மனப்பாடமாகத் தெரியும். ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் கிடைத்தது வரைக்கும் சொன்னாள்.

"எந்த வரியில் இருக்கு, விரலை வைத்துக் காட்டு" என்றேன்.

இரண்டாம் பத்தியின் தொடக்கத்தில் விரலை வைத்தாள். நகர்த்தினாள். கடைசி வரை போனாள். மெதுவாக மேலே ஏறி முதல் பத்தியில் நின்றாள். "இங்கே இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு, சொன்ன வேகத்திலேயே விரலை எடுத்துவிட்டாள். மறுபடி இரண்டாம் பத்தியை வாய்விட்டுப் படித்தாள். "இது எதிர்க்கட்சி பேசுற பத்தி." சரியான விடையை அவளே தொட்டாள்: ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு முடிவுக்கு எழுந்த மறுப்பை முன்வைக்கிறது.

அவள் தேர்ந்தெடுத்த விடை பொய்யில்லை. உலகத்தில் உண்மை, முதல் பத்தியிலும் உண்மை. கேட்ட கேள்விக்கு மட்டும் அது விடை இல்லை. தெரிந்த விஷயத்தைப் பற்றிய பாசேஜ் வந்தால் எளிது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரிந்த விஷயத்தில்தான் நாம் படிக்காமலே விடை சொல்லிவிடுகிறோம்.

இன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: விடை சரியோ தவறோ, விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஜூன் 18

ஒருவர் கேட்டிருக்கிறார், தேர்வு கணினித் திரையில்தானே, விரல் எப்படி வைப்பது என்று. கண்ணால் வையுங்கள். பயிற்சியில் விரலால் பழகினால் தேர்வில் கண் தானாக அங்கே போகும்.

ஜூன் 26

இன்னொருவர், ஒவ்வொரு வரியையும் தமிழாக்கிப் பார்த்தால் நன்றாகப் புரிகிறது, அதைச் செய்யலாமா என்கிறார். செய்யலாம், ஆனால் எங்கே முட்டுகிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

தமிழில் பயனிலை கடைசியில் வரும். வாக்கியம் முடியும்வரை காத்திருப்பது நமக்குப் பிறவிப் பழக்கம். பெயரை விளக்க வேண்டியது எல்லாம் பெயருக்கு முன்னாலேயே வந்துவிடும்: "முப்பது ஆண்டுகளாக அவர் கட்டிக்காத்த கோட்பாடு அதற்குள் கைவிடப்பட்டிருந்தது." ஆங்கிலத்தில் இதுவே, "தி தியரி தட் ஹி ஹேட் டிஃபெண்டட் ஃபார் தர்ட்டி இயர்ஸ் வாஸ், பை தென், அபாண்டன்ட்." கோட்பாடு முதலில் வந்து நின்றுவிடுகிறது. விளக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதன் பயனிலை எட்டுச் சொல் தள்ளி வருகிறது. நடுவில் "டிஃபெண்டட்" என்று ஒரு வினை குறுக்கே நிற்பதால், அவசரத்தில் படிப்பவர் அதையே பயனிலை என்று எடுத்துக்கொள்கிறார். கோட்பாட்டைக் காத்தார், அதோடு கதை முடிந்தது என்று போய்விடுகிறார். கைவிடப்பட்டது என்பதுதான் செய்தியே.

வாக்கியம் நீண்டால் நாங்கள் செய்வது இதுதான்: எழுவாயைப் பிடி, அதன் முற்றுவினை எங்கே என்று பார், நடுவில் இருப்பதை எல்லாம் தூக்கி ஓரமாக வை. தி தியரி வாஸ் அபாண்டன்ட். சரி. இப்போது ஓரமாக வைத்ததை எடுத்து உரிய இடத்தில் பொருத்து. பள்ளியில் எழுவாய், பயனிலை என்று படித்தது இங்கேதான் சோறு போடுகிறது.

இன்னொரு இடம் இதைவிட ஆபத்தானது. தமிழில் "இருந்தாலும்", "வராவிட்டால்" என்று நிபந்தனையும் முரணும் வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் "ஆல்தோ", "அன்லெஸ்" என்று பெரும்பாலும் வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். நம் கண் வாலைப் பார்த்துப் பழகியது. தலையில் உள்ள சின்னச் சொல்லைத் தாண்டி ஓடிவிடும். அக்கா மகள் ஒரு பாசேஜில் "ஆல்தோ"வை விட்டுவிட்டு அதன் பின்னால் வந்ததை ஆசிரியரின் முடிவாக எடுத்துக்கொண்டாள். ஆசிரியர் அதை ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொண்டுவிட்டு, காற்புள்ளிக்கு அப்புறம்தான் தன் கருத்தைச் சொல்கிறார்.

ஒரு விஷயத்தில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. "நாட் அன்காமன்", "நாட் வித்தவுட் மெரிட்" போன்ற இரட்டை மறுப்புகளில் பலர் தடுமாறுகிறார்கள். "பயன் இல்லாமல் இல்லை" என்று நாம் தினமும் பேசுகிறோமே, அதே எடைதான். கொஞ்சம் இருக்கிறது, அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை.

ஜூலை 1

மேலே எழுதியதன் தொடர்ச்சி. புதிய சொற்களைவிட, தமிழில் நாம் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்கள்தான் அதிகம் காலை வாருகின்றன.

குவாலிஃபைட். நமக்குத் தகுதி பெற்றவர். "குவாலிஃபைட் சப்போர்ட்" என்று பாசேஜில் வந்தால், நிபந்தனையோடு தரும் அரைகுறை ஆதரவு. தகுதியான ஆதரவு, முழு ஆதரவு என்று எடுத்தால் ஆசிரியரின் மனநிலை பற்றிய கேள்வி போச்சு.

டவுட். நமக்குச் சந்தேகம், கேட்டுத் தீர்த்துக்கொள்வது. "ஐ டவுட் தட்" என்றால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன்.

கிரிட்டிகல். நமக்கு உடனே மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். பாசேஜில் குறைகூறும், மிக முக்கியமான, ஆராய்ந்து பார்க்கும் என்று இடத்துக்கு இடம் மாறும்.

அட்ரஸ், வினையாக வந்தால் ஒரு சிக்கலைக் கையில் எடுப்பது. நாவல், அடைமொழியாக வந்தால் புதுமையான. அப்பேரன்ட், பல இடங்களில் அப்படித் தோன்றுகிற, உண்மையில் அப்படி இல்லாமலும் இருக்கக்கூடிய.

இப்படி ஒரு பட்டியலை அவளே நோட்டில் வைத்திருக்கிறாள். தெரியாத சொல் வந்தால் நிற்கிறோம், யோசிக்கிறோம். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்லில் நிற்பதே இல்லை.

ஜூலை 4

"அப்பேரன்ட்" தெளிவாகத் தெரிகிற என்ற பொருளிலும் வரும் என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். சரிதான், நன்றி. "இட் பிகேம் அப்பேரன்ட் தட்" என்றால் தெளிவானது என்றுதான் பொருள். பெயருக்கு முன்னால் வரும்போது கவனம் வேண்டும். நோட்டிலும் திருத்தச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 13

"கடினமான பாசேஜாகவே பயிற்சி செய்தால் தேர்வு எளிதாகிவிடும்." இப்படி ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை, ஏனென்று சொல்கிறேன்.

பால் நேஷன் என்ற மொழியியல் ஆய்வாளர் 2006இல் கணக்கிட்டார்: ஒரு உரையை யார் உதவியும் இல்லாமல் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாவல், செய்தித்தாள் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைப்பவையும் சேர்ந்து ஒன்று. 98 சதவீதம் என்றால் 500 சொல் பாசேஜில் தெரியாதவை பத்து. 95 சதவீதம் என்றால் இருபத்தைந்து. எண்ணில் மூன்றுதான் குறைகிறது, படிக்கிறவருக்கு அது வேறு உலகம்.

ஒரு நாள் அவளிடம் ஒரு 480 சொல் பாசேஜைக் கொடுத்து, தெரியாத சொற்களை அடிக்கோடிடச் சொன்னேன். முப்பத்தொன்று. அதில் அவளுக்கு ஐந்துக்கு இரண்டு சரி. அந்தத் தாளில் அவள் வாசிப்பைப் பழகவில்லை, ஊகிப்பதைத்தான் பழகினாள். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். பத்துக்கு மேல் அடிக்கோடு விழுந்தால் அந்தத் தாள் பிறகுதான்.

சொல் பெருக்க நினைப்பவர்களுக்கு: ஏவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியல் ஆய்வாளர் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான். எந்தத் துறைக் கல்விக் கட்டுரையானாலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சொற்கள் அதிலிருந்தே வருகின்றன. நாளுக்குப் பத்து என்றால் இரண்டு மாதத்தில் முடியும். தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல், படித்த வரியோடு எழுதி வையுங்கள். அவள் முதலில் சொல்லும் பொருளும் மட்டும் எழுதினாள், மறுவாரம் பாதி காணாமல் போயிருந்தது.

ஜூலை 20

வேகம். இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவள் நிமிடத்துக்கு 140 சொல் படிக்கிறாள். 450 சொல் பாசேஜுக்கு மூன்றேகால் நிமிடம். மனதுக்குள் உச்சரிக்காமல் படித்தால் வேகம் கூடும் என்று எங்கோ கேட்டதை நம்பி இந்த வாரம் முழுக்க அவளை அப்படிப் படிக்க வைத்தேன். வேகம் கூடியது, 210க்குப் போனது. பாசேஜ் முடிந்ததும் "என்ன படித்தாய்" என்று கேட்டால் பேந்தப் பேந்த விழித்தாள். வியாழக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு, "எனக்கு மூளை இல்லையா மாமா?" என்று கேட்டாள். எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அவள் மேல் ஒரு தவறும் இல்லை. சோதிக்காத ஒரு வழியை அவள் தலையில் கட்டியது நான்.

வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனரும் சக ஆய்வாளர்களும் 2016இல் வேக வாசிப்பு ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்துச் சொன்னது இதுதான்: வேகத்தைக் கூட்டினால் புரிதல் குறைகிறது. மனதுக்குள் ஒலிக்கும் குரலும் புரிதலுக்கு உதவுகிறது, அதை அடக்கினால் நஷ்டம் நமக்கு. ஆங்கிலம் பேசும் வயது வந்தோரே கட்டுரை படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள்தான் என்று 2019இல் மார்க் பிரிஸ்பார்ட் என்ற உளவியலாளர் கணக்கிட்டிருக்கிறார். ஆயிரம், இரண்டாயிரம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம்.

பழைய முறைக்கே திரும்பிவிட்டோம். மனதுக்குள் உச்சரித்து, நிதானமாக, ஆனால் ஒரே முறை. அவள் நேரத்தைத் தின்றது மெதுவாகப் படித்ததில்லை. ஒரே வரியை மூன்று முறை படித்ததும், இரண்டு விடைகளுக்கு நடுவே ஊசலாடியதும்தான்.

ஜூலை 29

அவள் தவறவிட்ட கேள்விகளைக் குறித்துவைக்கும் பிழை நோட்டு பற்றிக் கேட்டவர்களுக்கு. சரியான விடை எது என்று அதில் எழுதுவதில்லை. தவறான விடை அவளை எப்படி இழுத்தது என்று ஒரு வரி எழுதுவாள். ஒரு மாதத்தில் 47 பிழைகள். நேற்று உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம்.

19 இடங்களில் விடையின் ஒரு பாதி சரி, மறு பாதி பாசேஜில் இல்லாதது. முன்பாதியைப் படித்ததுமே டிக் அடித்திருக்கிறாள். 11 இடங்களில் பாசேஜ் "சம்", "மே", "டெண்ட் டு" என்று அடக்கிச் சொன்னதை விடை "ஆல்", "ஆல்வேஸ்" என்று ஊதிப் பெருக்கியிருக்கிறது. 8 தேனீ வகை. மீதி சொல் தெரியாதது, வாக்கியம் புரியாதது.

ஆக, ஆங்கிலம் தெரியாததால் போனது 9தான். மீதி 38 பாசேஜ் புரிந்தும் போனது. இதைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. மூளை பற்றிய கேள்வி அதற்கப்புறம் வரவில்லை.

இப்போது விடைகளைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் பார்க்கிறாள். ஒட்டாத பாதி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவருடையது நீண்ட பாசேஜ் தேர்வு, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். மகிழ்ச்சி, இப்போது தெளிவாகச் சொல்லலாம். பாசேஜை முதலில் படியுங்கள். பத்தி முடியும்போது ஒரு விநாடி நின்று, அது என்ன வேலை செய்தது என்று தமிழில் மூன்று சொல் மனதுக்குள் சொல்லுங்கள்: பழைய கருத்து, மறுப்பு, புதுச் சான்று. அப்புறம் கேள்வி. விரல் வைக்க வரி கிடைக்காத விடையை விட்டுவிடுங்கள். நான்கில் இரண்டை வரி காட்டித் தள்ளிவிட முடிந்தால் மட்டும் மீதி இரண்டில் ஒன்றைத் துணிந்து போடுங்கள்.

ஆகஸ்ட் 16

தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள். நேற்று ஒரு பாசேஜில் ஐந்துக்கு நான்கு எடுத்தாள். தவறியது மூன்றாவது கேள்வி. பயிற்சிப் புத்தகத்தின் விடைப்பக்கத்தில் "பி" என்று இருந்தது, இவள் "டி" போட்டிருந்தாள். நான் பாசேஜைப் படித்துப் பார்த்துவிட்டு, ஆசிரியருக்கு அந்தத் திட்டத்தில் நம்பிக்கை இல்லை, அதனால்தான் "பி" என்று விளக்க ஆரம்பித்தேன்.

"எந்த வரி மாமா?" என்றாள்.

தேடினேன். இரண்டாம் பத்தியில் ஒரு வரியைக் காட்டினேன். "அது மற்றவங்க சொல்றது. தலையில் பாருங்க, ஆல்தோ." பாசேஜை என் பக்கம் திருப்பி, காற்புள்ளிக்கு அடுத்த வரியில் விரலை வைத்துக் காத்திருந்தாள். மூன்று முறை படித்தேன். விடைப்பக்கத்தில்தான் தவறு. பேனாவை எடுத்து "பி"யை அடித்துவிட்டு "டி" என்று அவளே எழுதிக்கொண்டாள்.